புத்தளக் கடல் திரைக்கு வந்த வரலாறு

இலங்கையின் வடமேற்குக் கரையில் மகா ஓயாவின் கழிமுகத்துக்கும் மோதரகம் ஆற்றின் கழிமுகத்துக்கும் இடையே நீள்வது புத்தளம் மாவட்டக் கடலோரம். சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி ஆகிய ஊர்கள் இக்கரையில் தெற்கிலிருந்து வடக்காக அமைந்துள்ளன. சுழல் டொல்பின்கள் கூட்டமாகத் துள்ளுவதையும் எண்ணெய்த் திமிங்கிலம் தலைகீழாக ஆழத்துக்கு இறங்குவதையும் இன்று எந்த ஊரில் இருப்பவரும் தொலைக்காட்சியில் பார்க்கலாம். அந்த உயிர்கள் கற்பிட்டிக் கடலிலும் வாழ்கின்றன. ஆனால் நீருக்கு மேல் தெரியும் முதுகையும் வாலையும் தவிர, அவற்றின் வாழ்வு இக்கரை மக்களுக்கே நெடுங்காலம் மறைவாக இருந்தது. கடலுயிரை அது வாழும் இடத்தில், வாழும் விதத்திலேயே காண்பது ஏறத்தாழ நூறாண்டுகளுக்குள் மனிதருக்குக் கிடைத்த பேறு. அந்தப் பேறு இந்தக் கரைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது தனித்துச் சொல்லத்தக்க வரலாறு.

இக்கடலின் வளத்துக்கு அதன் அமைப்பே காரணம். கற்பிட்டிக் குடாநாடு மேற்கே கடலுக்கும் கிழக்கே புத்தளம் களப்புக்கும் நடுவில் வடக்கு நோக்கி நீண்ட மணல் நிலம். ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள களப்பின் ஆழம் குறைவு. சூரிய ஒளி அடிவரை இறங்குவதால் அங்கே கடற்புல் செழிக்கிறது. கலா ஓயா கலக்கும் கங்கேவாடிப் பக்கத்தில் அடர்ந்த கண்டற்காடு நிற்கிறது. குடாநாட்டுக்கு வடமேற்கே முருகைக்கற்பாறைத் தொகுதி ஒன்று கடலடியில் பரந்துள்ளது. அதற்கு அப்பால் கடற்படுகை திடீரெனச் சரிந்து நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. களப்புக்கு வடக்கே வில்பத்துக் காடு கடற்கரை வரை வந்து முடிகிறது. கடற்புல் மேயும் கடற்பசுவான ஆவுளியா, பாறை மீன்கள், ஆழ்கடல் திமிங்கிலம், கரைக்காட்டுச் சிறுத்தை ஆகிய நான்கும் ஒரே மாவட்டத்தின் எல்லைக்குள் வாழக் காரணம் இதுதான்.

கமராவுக்கு முந்திய பார்வை

இக்கடலைப் பற்றிய பழைய குறிப்புகள் எல்லாம் அதிலிருந்து என்ன எடுக்கலாம் என்ற கேள்வியோடு எழுதப்பட்டவை. ரோம அறிஞர் பிளினி, செங்கடல் வரிக்குத்தகையாளர் ஒருவரின் ஆள் காற்றில் அடிபட்டு இலங்கையின் ஹிப்புரோஸ் துறையில் கரைசேர்ந்ததை எழுதிவைத்தார். அந்தத் துறையை வில்பத்துக் கரையிலுள்ள குதிரைமலையாக ஆய்வாளர் பலர் அடையாளம் காண்கின்றனர். 1344இல் புத்தளத்தில் இறங்கிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, கரையில் குவிந்து கிடந்த கறுவா மரங்களையும் மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியிடம் இருந்த முத்துகளையும் கண்டு வியந்தார். பின்னர் வந்த ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கியதும் வணிகத்தைக் காக்கவே. கற்பிட்டியில் 1807இல் பிறந்த தமிழறிஞர் சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட இலங்கை விவரக் கையேட்டில் சொந்தக் கரையின் ஊர்களும் இடம்பெற்றன.

கடலடியை நேரில் கண்டவர்கள் முத்துக்குளிப்பவர்கள்தான். கரைதீவு, முத்துவரத்து, சிலாபம் என்று இக்கரையை ஒட்டிய, முத்துச்சிப்பிப் படுகைகளான முத்துப்பார்களுக்கும், வடக்கே மன்னார்ப் பக்கத்துப் பெரியபார், செவல்பார் முதலியவற்றுக்கும் பெயர்கள் வழங்கின. குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து இறங்குவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். பத்து முதல் பதினெட்டு மீற்றர் ஆழத்தில் ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரம் மூச்சடக்கிச் சிப்பிகளைப் பையில் சேர்ப்பார். சுறா நெருங்காதபடி மந்திரம் சொல்லக் கடற்கட்டிகள் அமர்த்தப்பட்டனர்.

அந்த ஒரு நிமிடத்தில் அவர் கண்டது மங்கிய நிழல்கள் மட்டுமே. மனிதக் கண்ணில் ஒளியைக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை விழிவெண்படலம் செய்கிறது. அந்தப் படலமும் நீரும் ஒளியைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் வளைப்பதால், வெறுங்கண் தண்ணீரைத் தொட்டதும் அந்தத் திறன் போய்விடுகிறது. கண்ணுக்கு முன் காற்றை அடைத்துவைக்கும் கண்ணாடி இல்லாமல் கடலடியில் எதுவும் கூர்மையாகத் தெரியாது. தலைமுறை தலைமுறையாகக் கடலடிக்குப் போய்வந்தவர்கள்கூடக் கையால் தடவித்தான் அதை அறிந்தார்கள்.

தெளிவாகப் பார்க்க முடியாத இடத்தைக் கற்பனை நிரப்பிற்று. களப்புகளிலும் ஆழமற்ற கடலிலும் மேய்ந்த ஆவுளியா, குட்டிக்குப் பாலூட்டும் விதத்தாலும் நீருக்கு மேல் தலையைத் தூக்கும் விதத்தாலும் கடற்கன்னியாகப் பேசப்பட்டது. 1560இல் மன்னார்க் கடலில் வலையில் அகப்பட்ட ஏழு கடற்கன்னிகளைக் கோவாவின் போர்த்துக்கேய மருத்துவர் ஒருவர் அறுத்துப் பார்த்தார் என்ற கதை ஐரோப்பா வரை சென்றது. இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் தம் நூலில் இக்கதையை ஆவுளியாவோடு பொருத்திக் காட்டினார். கற்பிட்டி முதல் ஆதாம் பாலம் வரை அவ்வுயிர் மிகுதியாக இருந்ததையும் பதிவுசெய்தார். இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் கெலார்ட் 1850களின் பிற்பகுதியில் முத்துச்சிப்பியின் வாழ்வை ஆராய அரசால் நியமிக்கப்பட்டார்.

இதற்குச் சற்றுப் பின், 1864, 1865ஆம் ஆண்டுகளில் ஒஸ்திரியக் கோமகன் இயூஜின் வொன் ரன்சொனெட் இலங்கைக் கடலில் ஒரு புதுமை செய்தார். தாமே வடிவமைத்த நீர்மூழ்கு மணியில் அமர்ந்து, கண்ணாடி வழியாகத் தெரிந்த முருகைக்கற்களையும் மீன்களையும் நீருக்கு அடியிலிருந்தே வரைந்தார். உலகில் இவ்வாறு நேரில் கண்டு வரையப்பட்ட மிகப் பழைய படங்களில் அவையும் அடங்கும். கடலடிக் காட்சியைப் பார்ப்பதற்காகவே பார்க்கும் பழக்கத்துக்கு அதுவே இலங்கையில் தொடக்கம் எனலாம். எடுப்பதற்காகப் பார்க்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை முத்துக்குளிப்பின் முடிவு காட்டிற்று. 1905இல் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் அள்ளப்பட்டன. மறு ஆண்டே லண்டன் நிறுவனம் ஒன்று பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. பிறகு பார்களில் சிப்பி இல்லை, நிறுவனமும் கலைந்தது.

நீருக்கடியில் கமரா

1914இல் ஜோன் வில்லியம்சன் பஹாமாஸ் கடலில் உலோகக் குழாயின் அடியில் பொருத்திய அறையிலிருந்து முதல் நீரடித் திரைப்படத்தை எடுத்தார். கமராவையே நீருக்குள் கொண்டு சென்று, மீன்களோடு நீந்தியபடி படமெடுக்கும் முறையை 1940களில் ஒஸ்திரியரான ஹன்ஸ் ஹாஸும் பிரெஞ்சுக்காரரான ஜாக் கூஸ்தோவும் வளர்த்தனர். கூஸ்தோவின் குழு இந்து சமுத்திரத்திலும் படம்பிடித்த ‘மௌன உலகம்’ 1956இல் கான் விழாவின் உயர் விருதைப் பெற்றது. நிறத்தோடு கடலடியைக் கண்ட பார்வையாளர்கள் மெய்மறந்தனர். ஆனால் அதே படத்தில் படக்குழுவினர் சுறாக்களை அடித்துக் கொல்லும் காட்சியும் உண்டு. உயிரைக் காட்டும் கலை, உயிரை மதிக்கும் கலையாக மாற இன்னும் காலம் பிடித்தது.

நீரடிப் படத்துக்கு ஒளிதான் பெருஞ்சிக்கல். சூரிய ஒளியிலுள்ள சிவப்பு முதல் சில மீற்றர்களிலேயே நீரில் மறைந்துவிடும். பத்து மீற்றர் ஆழத்தில் செம்மீனும் சாம்பல் நிறமாகத் தெரியும். ஒளிப்பதிவாளர் விளக்கை ஏந்திச் சென்று பாய்ச்சும்போதுதான் முருகைக்கல்லின் சிவப்பும் மஞ்சளும் ஊதாவும் வெளிப்படும். இதனால் கடலில் காலமெல்லாம் வாழும் மீனவர் ஒருவரும் கண்டிராத நிறங்களைத் திரை முதலில் காட்டிற்று.

ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் ஒளிப்பதிவாளர் மைக் வில்சனும் 1956இல் இலங்கையில் குடியேறினர். நாட்டின் முன்னோடி நீர்மூழ்காளரும் கடலுயிர் ஆய்வாளருமான ரொட்னி ஜொங்க்லாஸ் அவர்களுக்குத் துணையானார். இவர்களின் முயற்சியால் இலங்கைக் கடலடி நூல்களிலும் ஒளிப்படங்களிலும் இடம்பெறத் தொடங்கிற்று. 1957, 1958இல் ஹன்ஸ் ஹாஸின் ‘க்ஸரிஃபா’ கப்பலும் தன் இந்து சமுத்திரப் பயணத்தில் இலங்கையைத் தொட்டது. 1962இல் வில்சன் இயக்கிய ‘ரன் முத்து தூவ’ முதல் வண்ணச் சிங்களத் திரைப்படமாக வெளிவந்தது. அதன் நீரடிக் காட்சிகளைக் காண நாடெங்கும் மக்கள் திரண்டனர். இப்படங்கள் பெரும்பாலும் தெற்கிலும் திருகோணமலையிலும் எடுக்கப்பட்டவை. வடமேற்குக் கரை கமராவுக்குக் காத்திருந்தது.

தொலைக்காட்சி கரைக்கு வருதல்

கிளார்க்கின் பெயர் இவ்வரலாற்றில் இன்னொரு வழியிலும் வருகிறது. பூமத்திய கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றும் செய்மதிகளால் உலகெங்கும் ஒளிபரப்பலாம் என்று 1945இல் எழுதியவர் அவர். 1975இல் இந்தியா அமெரிக்கச் செய்மதி ஒன்றின் உதவியோடு 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டு சென்ற சோதனையை நடத்தியபோது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கொழும்பிலிருந்த கிளார்க்கின் வீட்டிலும் ஏற்பி ஒன்றை நிறுவிக் கொடுத்தனர். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி நிலையமே இல்லை. கடலடியைப் படமாக்க முனைந்த அதே மனிதரின் வீட்டில், வானிலிருந்து படம் வந்து இறங்கியது.

நான்காண்டுகளின் பின், 1979 ஏப்ரலில், கொழும்பைச் சுற்றிய சிறு வட்டத்துக்குள் ஐ.ரி.என். என்னும் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜனவரியில் பிரித்தானியாவில் பி.பி.சி., டேவிட் அற்றன்பரோவின் ‘லைஃப் ஒன் ஏர்த்’ தொடரை ஒளிபரப்பியிருந்தது. உயிர்களின் தோற்றம் முதல் மனிதன் வரையான கதையை 13 பகுதிகளில் சொன்ன அத்தொடர், காட்டுயிர்ப் படம் என்பதன் இலக்கணத்தை மாற்றியது. முன்பு படம் ஒரு வேட்டைக்காரரின் அல்லது சாகசக்காரரின் கதையாக இருந்தது. இதில் விலங்கே கதைமாந்தர். பேசுபவர் தேவையான அளவு பேசிவிட்டு ஒதுங்கி நிற்பார். இலங்கையில் 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கி, பிதுருதலாகல மலையின் அஞ்சல் கோபுரம் வழியாக நாட்டின் பெரும்பகுதியை எட்டிற்று.

வடமேற்குக் கரைக்கு மற்றொரு வாய்ப்பும் இருந்தது. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் தமிழ்நாடு அருகில்தான். 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையின் உயர்சக்தி ஒளிபரப்பி இயங்கியபோது, வீட்டுக்கு மேல் உயர்ந்த கம்பத்தில் அன்டெனாவை இந்தியப் பக்கம் திருப்பிவைத்தவர்களுக்குத் தூர்தர்ஷனும் கிடைத்தது. மின்சாரம் எட்டாத இடங்களில் கார் பற்றரியில் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஓடியது. ஒரு வீட்டின் பெட்டியை அயல் முழுவதும் வந்து பார்க்கும் வழக்கம் அக்காலத்தில் இலங்கையின் கிராமங்கள் எங்கும் இருந்தது. மொழி புரியாத நிகழ்ச்சிகளிலும் விலங்குப் படத்துக்குக் கூட்டம் குறையவில்லை. யானைக் குட்டி சேற்றிலிருந்து எழ முயல்வதைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பு தேவையில்லை.

தமிழில் சொல்லப்பட்ட காட்டுயிர்ப் படங்கள் செய்மதி அலைவரிசைகளோடு வந்தன. டிஸ்கவரி நிறுவனம் 1995இல் இந்தியாவில் ஒளிபரப்பைத் தொடங்கியது. தமிழ் ஒலியோடு நிகழ்ச்சிகள் வரலாயின. 2011இல் தமிழுக்கென்றே தனி அலைவரிசை ஏற்பட்டது. இலங்கையில் வீட்டுக்கூரைச் செய்மதி அன்டெனா 2000களின் பிற்பகுதியில் பரவியபோது இவை கடலோர ஊர்களுக்கும் வந்து சேர்ந்தன. பி.பி.சி.யின் ‘த புளூ பிளனற்’ 2001இலும், மிகுதுல்லியக் கமராக்களால் எடுக்கப்பட்ட ‘பிளனற் ஏர்த்’ 2006இலும் வெளிவந்து, பின்னர் உலகின் பல மொழிகளில் பேசின. தாம் வலை வீசும் கடலின் அடியில் என்ன நடக்கிறது என்பதை மீனவர் தம் பிள்ளைகளோடு அமர்ந்து காணும் காலம் இவ்வாறு பிறந்தது. கல்விக்கூடமும் அருங்காட்சியகமும் நகரங்களுக்கே அருகிலிருந்த நாட்டில், இயற்கை அறிவியலைக் கடலோர வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுசென்ற பெருமை இப்படங்களுக்கு உரியது.

திருகோணமலைப் படமும் போர்க்காலமும்

1979இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவித்தது. அச்சரணாலயத்தில் உயிரோடு உள்ள திமிங்கிலங்களைக் கொல்லாமல் ஆராய்வதற்காக உலக வனவுயிர் நிதியத்தின் நெதர்லாந்துப் பிரிவு ‘ரியூலிப்’ என்ற சிறு பாய்மரப் படகை அனுப்பியது. 1982 முதல் 1984 வரை இலங்கையைச் சூழ்ந்த கடலில் அது வேலை செய்தது. ஹால் வைற்ஹெட், ஜொனதன் கோர்டன் முதலிய இளம் ஆய்வாளர்கள் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, எண்ணெய்த் திமிங்கிலங்கள் எழுப்பும் சொடுக்கொலிகளைக் கேட்டபடி இரவும் பகலும் அவற்றைப் பின்தொடர்ந்தனர். அக்காலத்தில் திருகோணமலைக் கடலில் எடுக்கப்பட்ட ‘வேல்ஸ் வீப் நொட்’ என்ற படம், உயிருள்ள எண்ணெய்த் திமிங்கிலங்கள் நீருக்கடியில் நீந்துவதை உலகுக்கு முதன்முதலாகக் காட்டியது. இருநூறு ஆண்டுகளாக எண்ணெய்க்காகக் கொல்லப்பட்ட அந்தப் பேருயிரை, குட்டியைச் சூழ்ந்து நிற்கும் தாய்மாராக மக்கள் கண்டனர். வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்த ஆணையம் 1982இல் எடுத்த முடிவு 1986இல் நடைமுறைக்கு வந்தது. வேட்டைக்கு எதிரான பொதுக்கருத்தை வலுப்படுத்தியவற்றுள் இத்தகைய படங்களும் உண்டு.

1983இல் மூண்ட உள்நாட்டுப் போர் இத்தகைய படப்பிடிப்புக்கான பாதையை மூடியது. திருகோணமலைக் கடல் கடற்படையின் வலயமாயிற்று. புத்தளக் கரையிலும் கட்டுப்பாடுகள் வந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தஞ்சம் புகுந்தனர். உயிரோடு இருப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. வில்பத்துப் பூங்கா 1985இல் ஊழியர்கள் கொல்லப்பட்ட பின் மூடப்பட்டு 2003இல்தான் திறந்தது. 2006 மேயில் அங்கு கண்ணிவெடியில் எழுத்தாளர் நிகால் டி சில்வாவும் உடன் சென்றவர்களும் இறந்தனர். பூங்கா மறுபடி மூடப்பட்டு 2010இல் திறக்கப்பட்டது.

கற்பிட்டியின் டொல்பின்களும் திமிங்கிலங்களும்

போர் 2009இல் முடிந்ததும் கற்பிட்டிக் கடலின் பெயர் வெளியுலகில் பரவிற்று. கண்டக்குளி, ஆலங்குடாக் கரைகளிலிருந்து கண்ணாடியிழைப் படகில் ஒரு மணி நேரத்துக்குள் ஆழ்கடலின் சரிவை அடையலாம். சோளகக் காற்று அடங்கி, நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும் பருவமே இதற்கு ஏற்றது. அப்பருவத்தில் காலை வேளையில் நூற்றுக்கணக்கிலும், சில நாள்களில் ஆயிரத்தை எட்டும் அளவிலும் சுழல் டொல்பின்கள் கூடிச் செல்வதைக் காணலாம்.

மீனவர்களுக்கு இவை புதியவை அல்ல. ஓங்கில் எனப்படும் டொல்பின் கூட்டத்தோடு கெளவல்லா என்னும் சூரை இனம் சேர்ந்து திரியும் என்பதை அறிந்து, கூட்டத்தைத் தேடிச் சென்று தூண்டில் போடுவது நெடுநாள் வழக்கம். மீனவர் கண்டது பகலில் மேலே தெரியும் பாதியை. மற்றப் பாதியை ஆய்வும் கமராவும் சேர்ந்து காட்டின. ஆழத்தில் வாழும் சிறு மீன்களும் கணவாய்களும் இறால்களும் இரவில் மேலே எழும்பும்போது டொல்பின்கள் கூட்டாக இறங்கி வேட்டையாடுகின்றன. பகலில் கரையோரம் வந்து, பாதி உறக்கத்தில் இறுக்கமாகச் சேர்ந்து நீந்துகின்றன. நீருக்கு வெளியே பாய்ந்து, விழுமுன் உடலை நீளவாக்கில் ஏழு முறைவரை சுழற்றுவது இவ்வினத்துக்கே உரிய வித்தை. கண்ணுக்கு அது ஒரு மின்னல் பாய்ச்சல். வேகத்தைக் குறைத்துக் காட்டும் கமராவில்தான் வால் நீரை உதைத்து வெளியேறும் கணம், சுழலும்போது உடலைச் சுற்றி விரியும் நீர்த்துளி வளையம், முதுகு மோதும்போது எழும் வெண்ணுரை எல்லாம் தனித்தனியே தெரிகின்றன. ஒட்டுமீன்களை உதறுவதற்கும், தம் இருப்பிடத்தை ஒலியால் மற்றவற்றுக்கு அறிவிப்பதற்கும் இத்துள்ளல் உதவலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

எண்ணெய்த் திமிங்கிலத்தைப் படமெடுப்பது பொறுமையின் வேலை. ஆண் 16 மீற்றர் வரை வளரும். பெண் 11 அல்லது 12 மீற்றர். உலகில் மிகப் பெரிய மூளை, ஏறத்தாழ 8 கிலோ, இதற்கே உண்டு. மேலே வந்து சில நிமிடங்கள் மூச்செடுத்து, வாலை வானுக்கு உயர்த்தி இறங்கினால் முக்கால் மணி நேரம் வரை மீளாது; ஆயிரம் மீற்றருக்கும் ஆழமான இருளில் ஒலியெழுப்பி, எதிரொலியால் கணவாயைத் தேடும். படகிலிருப்போர் எஞ்சினை நிறுத்தி, ஒலிவாங்கியை நீரில் இறக்கிச் சொடுக்கொலி வரும் திசையைக் கேட்டுக் காத்திருப்பர். காற்றுக்கலனின் குமிழி ஓசை திமிங்கிலத்தைக் கலைக்கும் என்பதால் மூச்சடக்கி இறங்கும் ஒளிப்பதிவாளர்களே பெரும்பாலும் இதைச் செய்கின்றனர். திரையில் மூன்று நிமிடம் ஓடும் காட்சிக்குப் பின்னால் வாரக்கணக்கான காத்திருப்பு இருக்கிறது. முத்துக்குளித்த அதே கடற்பரப்பில், அதே போல் மூச்சை அடக்கி இறங்கும் மனிதர் இன்று எதையும் எடுக்காமல் காட்சியை மட்டும் கொண்டு திரும்புகிறார். இந்த மாற்றமே இக்கரையின் வரலாற்றில் காட்டுயிர்ப் படம் செய்த மிகப் பெரிய காரியம்.

திரை எல்லாவற்றையும் உள்ளபடியே காட்டுவதில்லை என்பதும் அறியத்தக்கது. நெடுந்தொலைவிலிருந்து எடுக்கும்போது ஒலி பதிவாவதில்லை. சிறகடிப்பும் நீரோசையும் பின்னர் சேர்க்கப்படுபவை. பல நாள்களின் காட்சிகள் ஒரே வேட்டையாகத் தொகுக்கப்படுவதும் உண்டு. இவ்வாறு தொகுத்தாலும் விலங்கின் இயல்பைப் பொய்யாக்காமல் இருப்பதே நல்ல படக்குழுவின் அறம். படத்தைப் பார்த்துவிட்டுக் கற்பிட்டிக்கு வருபவர்கள் டொல்பின் உடனே துள்ள வேண்டும் என்று எதிர்பார்த்துப் படகை விரட்டச் சொல்வதும் நடந்தது. கடற்பாலூட்டிகளைப் படகில் சென்று பார்ப்பதற்கான விதிகளை அரசு 2012இல் வெளியிட்டது. உறங்கும் கூட்டத்தைப் பல படகுகள் சூழ்ந்தால் அது ஓய்வை இழந்து இடத்தை விட்டே போய்விடும் என்பதால், படகோட்டிகள் அவ்விதிகளைக் கடைப்பிடிப்பதில்தான் அவர்களின் தொழிலே தங்கியிருக்கிறது.

வில்பத்துச் சிறுத்தைகள்

1938இல் தேசியப் பூங்காவான வில்பத்து, 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்து, நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்காவாக உள்ளது. அதன் மேற்குப் பாகம் புத்தளம் மாவட்டத்தில் கடலை ஒட்டி நிற்கிறது. மழைநீர் தேங்கும் ‘வில்லு’ என்னும் இயற்கைக் குளங்கள் வெண்மணல் கரைகளோடு காட்டினுள்ளே திறந்த வெளிகளாக அமைந்திருப்பதால், நீர் அருந்த வரும் விலங்குகளைத் தொலைவிலிருந்தே படமெடுக்கலாம். இலங்கையில் புலியும் சிங்கமும் இல்லை. சிறுத்தையே காட்டின் உச்ச வேட்டை விலங்கு. அதனால் மற்ற நாடுகளைவிட இங்கே அது பகலிலும் அச்சமின்றி வெளிப்படுகிறது. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவன ஆய்வாளர்கள் வில்பத்துச் சிறுத்தைகளை ஆராய்ந்தனர். போர் முடியும் வரை இலங்கைச் சிறுத்தையின் படங்கள் பெரும்பாலும் தெற்கே யால பூங்காவிலிருந்தே வந்தன. 2010க்குப் பின் வில்பத்து தன் பழைய இடத்தை மீண்டும் பெற்றுவருகிறது.

படமும் பாதுகாப்பும்

ஒரு படம் சட்டத்தையே மாற்றிய எடுத்துக்காட்டு அண்டை நாட்டில் உள்ளது. குஜராத் கரையில் திமிங்கிலச் சுறாக்கள் கொல்லப்படுவதை மைக் பாண்டே 2000இல் ‘ஷோர்ஸ் ஒஃப் சைலன்ஸ்’ என்ற படத்தில் காட்டினார். அடுத்த ஆண்டே இந்தியா அவ்வுயிருக்கு முழுப் பாதுகாப்பு அளித்தது. பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பை ஆவுளியாக் காப்பகமாகத் தமிழ்நாடு 2022இல் அறிவித்தது. அதை அடுத்த மன்னார் வளைகுடாவின் மறுகரையிலுள்ள புத்தளம் களப்புப் பகுதிக்கும் இது முக்கியமான செய்தி. ஒருகாலத்தில் கூட்டமாக மேய்ந்த ஆவுளியா இங்கு இன்று மிக அரிது. சட்டம் அதைக் காத்தாலும் இறைச்சிக்கான வேட்டையும் வலையில் அகப்படுவதும் கடற்புல் அழிவும் நிற்கவில்லை. பதின்மூன்று மாதம் சுமந்து, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே குட்டியை ஈனும் உயிர் இழப்பை விரைவில் ஈடுசெய்ய முடியாது.

கற்பிட்டியின் முருகைக்கற்பாறைத் தொகுதி 1992இல் சரணாலயமாக்கப்பட்டது. 150க்கும் மேற்பட்ட பவள இனங்களும் ஏறத்தாழ 280 மீனினங்களும் அங்கே பதிவாகின. 1998இல் கடல் சூடேறியபோது ஆழமற்ற பகுதியின் பவளங்கள் வெளிறி மடிந்தன. மெல்ல மீண்டுவந்த பாறைகள் 2016இல் மறுபடி வெளிறின. 1980களில் பெருகிய இறால் பண்ணைகளுக்காகக் கண்டற்காடுகள் வெட்டப்பட்டன. 1990களில் வெண்புள்ளி நோய் பரவிப் பண்ணைகள் பல கைவிடப்பட்டன. இழந்த கண்டலை மீட்கும் பெருந்திட்டம் 2015இல் தொடங்கியது. சிலாபத்தின் அருகே பம்பலையில் கண்டல் அருங்காட்சியகம் 2016இல் திறக்கப்பட்டது. 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையோரம் பரவின.

இந்த இழப்புகளையும் இப்போது கமராதான் பதிவு செய்கிறது. 1998க்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்துத்தான் பவளம் எவ்வளவு போயிற்று, எவ்வளவு மீண்டது என்பதை ஆய்வாளர் காட்டுகின்றனர். திமிங்கிலத்தின் வாலடியில் உள்ள வெட்டுகளும் தழும்புகளும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியானவை. அப்படங்களை ஒப்பிட்டு அதே திமிங்கிலம் மீண்டும் வந்ததை அறிகின்றனர். சிறுத்தையை அதன் உடற்புள்ளிகளைக் கொண்டு அடையாளம் காண்கின்றனர். கைப்பேசிக் கமராவும் ட்ரோனும் எளிதானதால், வெளிநாட்டுப் படக்குழுக்களின் கையில் மட்டும் இருந்த இப்பணியில் இலங்கை இளைஞரும், படகோட்டிகளும் பங்கெடுக்கின்றனர்.

சிப்பி, இறைச்சி, எண்ணெய் என்று பயனால் மட்டுமே அளக்கப்பட்ட கடல், உயிரோடு இருப்பதாலேயே மதிப்புப் பெறும் நிலைக்கு வந்திருப்பது தொலைக்காட்சித் திரை ஏற்படுத்திய வியப்பின் விளைவு. அந்த வியப்பு நிலைக்கக் களப்பில் கடற்புல்லும், கரையில் கண்டலும், கடலடியில் பவளமும், ஆழத்தில் அமைதியும் வேண்டும். இவற்றைக் காப்பதற்கான சட்டங்கள் இலங்கையில் இருக்கின்றன. உயிர்களைப் பற்றிய அறிவு முன்னெப்போதையும்விடக் கூடியிருக்கிறது. அச்சட்டங்களை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அரசுக்கும், கரையில் தொழில் செய்வோருக்கும், அக்காட்சிகளை ஆசையோடு பார்க்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.